காய்ந்த மூடி

என் மாமனாருக்கு என் பெயர் மறந்துபோன பிறகும் பி.எச். மீட்டரைக் கழுவும் முறை மறக்கவில்லை. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் உதவியாளராக இருந்து, கண்ணாடிச் சாமான் கழுவிய கை அது. எங்கள் பால்கனியில் நான் மண்ணில்லாமல், குழாய்களில் ஓடும் உரத்தண்ணீரில் கீரை வளர்க்கிறேன். தண்ணீரின் புளிப்பைப் பார்க்க பி.எச். மீட்டர், அதில் கரைந்திருக்கும் உரத்தைப் பார்க்கச் சத்து மீட்டர். இரண்டும் அவர் பொறுப்பு.

"சத்து மீட்டர் முரட்டுப் பய. கழுவித் தொடச்சுக் காயவெச்சுடலாம். இவ அப்படி இல்லம்மா," என்பார், பி.எச். மீட்டரைத் தூக்கிக் காட்டி. அதன் நுனியில் பட்டாணி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ். அதைத் தேய்க்கக் கூடாது, மெல்லிய தாளால் ஒற்ற வேண்டும். காயவே விடக் கூடாது. மூடிக்குள் நாலு சொட்டு உப்புக்கரைசல் ஊற்றி, குமிழ் நனைந்திருக்கும்படி மூடி வைக்க வேண்டும். ஞாயிறுதோறும் நாலு, ஏழு என்று எழுதிய இரண்டு குப்பிகளில் அதை முக்கிச் சரிபார்ப்பார். நாலில் நாலும் ஏழில் ஏழும் காட்டிவிட்டால் அன்றைக்கு முழுக்க முகம் மலர்ந்திருக்கும்.

மற்றதெல்லாம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. குழாயைத் திறந்துவிட்டுக் கூடத்தை நனைத்தார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்தார். ஒருநாள் செருப்பில்லாமல் தெருக்கோடி வரை போய், வீடு எதுவென்று தெரியாமல் நின்றார். என் வீட்டுக்காரர் முதியோர் இல்லத்து விண்ணப்பத்தை வாங்கிவந்து மேசைமேல் வைத்தார்.

"இன்னும் ஒண்ணு நடக்கட்டும். அப்புறம் நீ குறுக்க வரக் கூடாது."

"மீட்டரை ஒருநாள் தப்பாம பாத்துக்கறாரே, புத்தி போனவரு செய்யற வேலையா அது?" என்றேன். என் கட்சிக்கு இருந்த ஒரே சாட்சி அந்த மீட்டர்தான். அவரும் வேறு வழியில்லாமல் விண்ணப்பத்தை இழுப்பறைக்குள் போட்டார்.

அந்த மாதக் கடைசியில் மாமாவுக்குக் காய்ச்சல் கண்டு பத்து நாள் படுக்கையிலேயே கிடந்தார். முதல் நாள் நான்தான் தண்ணீரைப் பார்த்தேன். உள்ளே பால் பொங்குகிறது, அவர் முனகுகிறார், எனக்கு எட்டுக் கை இல்லை. இரண்டு மீட்டரையும் ஒன்றுபோல் கழுவி, துணியால் அழுத்தித் துடைத்து, மூடி, பெட்டிக்குள் போட்டேன். கரைசல் ஊற்றவில்லை.

எட்டாம் நாள் எடுத்துப் பார்த்தால் ஏழு காட்டியது. கீரைக்கு ஆறுக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். அமிலம் சொட்டுவிட்டேன். ஏழு. இன்னும் விட்டேன். ஏழேதான். மறுநாளும் விட்டேன். எனக்குத் தண்ணீர்மேல் கோபம் வந்ததே தவிர, மீட்டர்மேல் சந்தேகம் வரவில்லை. பத்தாம் நாள் அத்தனை செடியும் துவண்டு சாய்ந்தது. தூக்கிப் பார்த்தேன், வேரெல்லாம் பழுப்பேறி வழவழத்திருந்தது.

அன்றைக்குத்தான் மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். யாரும் சொல்லாமலே மீட்டரை எடுத்து நாலாம் எண் குப்பியில் முக்கினார். ஏழு காட்டியது. மூடிக்குள் விரலை விட்டார். விரல் நுனியில் வெள்ளையாக உப்புப் பொருக்கு வந்தது.

"காஞ்சு கெடக்கு," என்றார். பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "படுக்கறதுக்கு முந்தியே நான்தான் ஊத்தாம விட்டிருப்பேன். வேற யாரு."

நான் வாயைத் திறக்கவில்லை. பயம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். இரண்டு வருஷமாக நான் ஒரு நாள்கூட நிம்மதியாகக் குளித்ததில்லை, காதை வெளியே வைத்துக்கொண்டுதான் குளித்தேன். அந்த நொடியில் இழுப்பறைக்குள் இருந்த விண்ணப்பம் ஞாபகம் வந்தது, உடம்பு லேசானது. எழுதவே கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான். என் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. இழுப்பறையைத் திறந்தார்.

இல்லத்துக்குப் போன ஆறு மாதத்தில் அவருக்கு எல்லாம் போய்விட்டது. மகனைப் பார்த்து "வாங்க சார், உக்காருங்க," என்கிறார். நான் போனால் மட்டும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். பக்கத்துக் கட்டில்காரரிடம், "இந்தப் பொண்ணோட செடியெல்லாம் என்னாலதான் செத்துப்போச்சு," என்று சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் சொல்கிறார்.

போன வாரம் தாங்க மாட்டாமல் சொல்லிவிட்டேன். "மாமா, அது நீங்க இல்ல. மூடியில ஊத்தாம விட்டது நான்."

அவர் என் கையை எடுத்துத் தடவிக் கொடுத்தார். "கிழவன் மனசு நோகக் கூடாதுன்னு பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கறியா? நல்ல பொண்ணும்மா நீ."

"சத்தியமா நான்தான் மாமா."

"சரி, சரி, அழாத. இனிமே நாலு சொட்டு ஊத்த மறந்துடாத. என்னை மாதிரி விட்டுடாத."

வாசலில் என் வீட்டுக்காரர் வண்டியோடு காத்திருந்தார். "என்ன சொன்னாரு?" என்று கேட்டார். இவரிடம் சொன்னால் இவர் நம்புவார்.

"ஒண்ணுமில்லங்க, எப்பவும் சொல்றதுதான்," என்று பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.