அவரையும் சேர்த்து

"நான் மூன்று பிள்ளை பெற்றவள்" என்று ஒலிவாங்கியில் சொன்னேன். என்னோடு முறை மாற்றி மொழிபெயர்க்கும் அக்கா, பக்கத்து நாற்காலியில், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு மீசை உண்டு, குரலும் கட்டைக் குரல். ஆனால் மொழிபெயர்ப்பாளனுக்கு முதல் விதி அதுதான். பேசுபவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் என்ன சொல்கிறார் என்றால்' என்று ஒதுங்கி நிற்கக் கூடாது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அமைச்சராக இருந்திருக்கிறேன், வங்கித் தலைவராக இருந்திருக்கிறேன், ஒருமுறை கப்பல் முதலாளியாகக்கூட இருந்தேன். பால் கறக்கும் பெண்ணாக ஆனது அன்றுதான்.

நாங்கள் உட்கார்ந்து பேசும் கண்ணாடிக் கூண்டு மண்டபத்தின் மேல்சுவரோடு ஒட்டியது. கண்ணாடிக்குக் கீழே லாட வடிவில் பெரிய மேசை, அதைச் சுற்றிப் பல நாட்டு ஆட்கள், ஆளுக்கொரு காதுக்கருவி. நான் எங்கள் மொழியைப் பொதுமொழிக்கு மாற்றினால், வரிசையாக இருக்கும் மற்றக் கூண்டுக்காரர்கள் என் வாயிலிருந்து எடுத்துத் தங்கள் மொழிக்கு மாற்றுவார்கள். நான் தடுக்கினால் எல்லோரும் தடுக்குவார்கள்.

அன்றைய பேச்சு ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றியது. வெளிநாட்டுப் பால் பவுடர் திடீரென்று அளவுக்கு மீறி வந்து குவிந்தால், வாங்கும் நாடு உடனே வரியை உயர்த்திக்கொள்ளலாம் என்ற வாக்கியம். ஒப்பந்த வரைவில் எல்லோரும் ஒத்துக்கொள்ளாத வரிகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்திருப்பார்கள். அடைப்புக்குறி போனால் வாக்கியம் நிலைத்துவிடும். வாக்கியமே போனால், அதை நம்பி இருக்கும் மாட்டுக்காரர்கள் அத்தனை பேர் தலையிலும் பவுடர் வந்து விழக் கதவு திறந்துவிடப்பட்டதாக அர்த்தம். பவுடர் விற்கும் நாடுகள் வாக்கியத்தையே எடுக்கச் சொல்லின. எங்கள் நாட்டு வர்த்தகச் செயலாளர் வாதாடிக் களைத்துப்போய், கடைசியில் பால் சங்கத் தலைவி ஒருவரை அழைத்து வந்திருந்தார். அவருக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள்.

காலையில் தாழ்வாரத்தில் அவரைப் பார்த்தேன். புதுச்செருப்பு கடித்ததால் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கம்பளத்தின் மேல் நின்றிருந்தார்.

"என் பேச்சை நீதான் பேசப் போறியா தம்பி?"

"ஆமாங்கம்மா."

"பொம்பளைக் குரல்லயா?"

"இல்லம்மா, என் குரல்லதான்."

"நல்லதாப் போச்சு. என் குரலைக் கேட்டா மாடே மிரளும். என்னைவிட நல்லாப் பேசு. ஆனா புளுகாத."

அப்போது எதிர்த்தரப்புக் குழுவோடு வந்த ஒரு பெரியவர் எங்களைக் கடந்தார். அவர்கள் நாட்டுப் பண்ணைக்காரர்களின் பிரதிநிதி. பின்வரிசையில் உட்காரலாம், பேச அனுமதி இல்லை. மரியாதைக்குக் கை நீட்டினார். தலைவியம்மா அந்தக் கையைப் பிடித்தவர் விடவில்லை. திருப்பி, கட்டைவிரல் முட்டியைத் தடவிப் பார்த்தார். அது ஒரு சுண்டைக்காய் அளவு புடைத்திருந்தது.

"இது கறந்த கை தம்பி. கேளு."

கேட்டேன். இளவயதில் அப்பாவோடு சேர்ந்து கையால்தான் கறந்தாராம், பிறகுதான் இயந்திரம் வந்ததாம். இப்போது விலை இல்லை, மந்தையில் பாதியை விற்றுவிட்டேன் என்றார். அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துச் சொன்னார். நான் மொழிபெயர்த்ததும் தலைவியம்மா "அடப்பாவமே" என்று மட்டும் சொல்லிக் கையை விட்டார். அந்தச் சொல்லை நான் மாற்றவில்லை. அவருக்கே புரிந்தது போலிருந்தது.

இப்போது மேசையில் அவர் முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. முதலில் ஒலிவாங்கியைத் தட்டினார், எல்லோருடைய காதிலும் இடி விழுந்தது. "மன்னிச்சுக்குங்க" என்றார். நானும் மன்னிப்புக் கேட்டேன்.

"நான் மூணு பிள்ளை பெத்தவ. எங்க சங்கத்துல எல்லாம் ரெண்டு மாடு, மூணு மாடு வச்சிருக்கவங்கதான். நாங்க பணக்காரங்க இல்ல, பிச்சைக்காரங்களும் இல்ல. பவுடர் வந்து குவிஞ்ச வருஷம் சங்கத்துல ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் பால் எடுத்தாங்க. அவங்க மேல தப்பு இல்ல, வைக்க இடமில்ல. ஆனா ஒரு நாள் விட்டு ஒரு நாள் சுரன்னு என் செவலைகிட்ட யார் சொல்றது? மடி கட்டிக்கிட்டுக் கத்துது. கறந்தேன். கறந்து வாய்க்கால்ல ஊத்தினேன். எல்லாரும் ஊத்தினோம். வாய்க்கால் வெள்ளையா ஓடுச்சு. எங்க தெரு நாய்ங்ககூட ரெண்டு நாள் குடிச்சுட்டு மூணாம் நாள் திரும்பிப் பாக்கல."

எங்கோ ஒரு சிரிப்பு எழுந்து, எழுந்த வேகத்தில் அடங்கியது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். நான் இதுவரை ஒரு மாட்டையும் தொட்டதில்லை.

"இன்னொரு தடவை அப்படி வந்தா நாம தாங்க மாட்டோம். மாட்டை வித்துட்டு நாம எல்லாம் வேற வேலைக்குப் போயிடுவோம். அப்புறம் வரியை ஏத்தி யாரைக் காப்பாத்துவீங்க? அவ்வளவுதாங்க."

முடித்துவிட்டு, விளக்கை அணைக்கத் தெரியாமல் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டார்.

எதிர்த்தரப்புத் தலைவர் பண்பானவர், மெதுவாகவே பேசினார். அவர் பேச்சை நான் தலைவியம்மாவின் காதுக்கு எங்கள் மொழியில் சொல்லத் தொடங்கினேன். "உங்கள் கஷ்டம் எங்களுக்குப் புரிகிறது. உங்கள் விவசாயிகளுக்கு ஒரு நிவாரண நிதிக்கு நாங்கள் உதவுவோம். ஆனால் இந்த வாக்கியம்..."

'நாங்கள்' என்று என் வாயே சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. அவர் மொழியில் அதற்கு ஒரே சொல்தான். எங்கள் மொழிக்குக் கொண்டுவரும்போது நான் தேர்ந்தெடுத்தாக வேண்டும், தேர்ந்தெடுத்தேன். ஆனால் அந்தம்மா கடைசியில் 'நாங்க' என்று சொல்லவில்லையே. தொடக்கத்தில் நாங்க, நாங்க என்றவர், முடிவில் 'நாம' என்றார். நான் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு அனுப்பிவிட்டேன். அந்த மேசையில் இருந்த அத்தனை பேரும் கேட்டது ஒரு பக்கத்து முறையீடு மட்டும்.

வாய் தவறி வந்திருக்கலாம். பேச்சுவழக்கில் இரண்டையும் மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் தலைவர் அந்தத் தவறான சொல்லுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், அந்தப் பதிலோடு வாக்கியமும் போகப் போகிறது. நான் அக்காவைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்திருந்தது. "கேட்டுடு" என்று உதடசைத்தார்.

கூண்டிலிருந்து மண்டபத்தோடு பேச ஒரு பொத்தான் உண்டு. அப்போதும் 'நான்' என்று சொல்லக் கூடாது. தலைவர் மூச்சு விட்ட இடைவெளியில் அழுத்தினேன். "மொழிபெயர்ப்பாளர் பேச்சாளரிடம் ஒரு விளக்கம் கேட்க விரும்புகிறார்." தலைகள் மேலே திரும்பின. செயலாளரின் முகம் வெளிறியது. எங்கள் மொழியில் கேட்டேன்.

"அம்மா, கடைசில நாங்கன்னு சொன்னீங்களா, நாமன்னு சொன்னீங்களா?"

அவர் தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தார். "நாமதான் தம்பி. என்ன சந்தேகம்? அவரையும் சேத்துத்தான்." கை பின்வரிசையைக் காட்டியது.

பொதுமொழியில் சொன்னேன்: "பேச்சாளரின் மொழியில் 'நாங்கள்', 'நாம்' என்று இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று கேட்பவரை வெளியே நிறுத்தும், மற்றது உள்ளே சேர்க்கும். அவர் சொன்னது சேர்க்கும் சொல். மொழிபெயர்ப்பாளர் தவறாகக் கொடுத்துவிட்டார். பேச்சாளர் உங்கள் பண்ணைக்காரர்களையும் சேர்த்துத்தான் சொன்னார்."

பிறகு நடந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் வாக்கியம் முடிந்த பின்னும் மற்றக் கூண்டுகளில் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவரவர் மொழியில் இல்லாத ஒரு சொல்லுக்கு ஒவ்வொருவரும் வழி தேடினார்கள். ஒருவர் இரு கைகளையும் விரித்துக் காற்றை அணைத்துக் காட்டினார், காதுக்கருவியில் அது கேட்காது என்று தெரிந்தும். மூன்றாவது கூண்டில் தீவுநாட்டுப் பெண் மட்டும் ஒரே சொல்லில் முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர்கள் மொழியிலும் இரண்டு இருக்கிறது. கீழே, அந்தச் சொல் போய்ச் சேரும் வரிசையில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின, வயலில் காற்று போவதுபோல. கடைசியாக எதிர்த்தரப்புத் தலைவர் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார்.

அவைத்தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாக்கியம் அடைப்புக்குறிக்குள்ளேயே இருக்கட்டும், மதியம் பேசலாம் என்றார். நாற்காலிகள் நகர்ந்தன. கூட்டம் தேநீருக்குக் கலைந்தது. செயலாளர் யாரையோ தேடி ஓடினார். அக்கா தண்ணீர்ப் புட்டியை என் பக்கம் தள்ளினார்.

தலைவியம்மா எழுந்திருக்கவில்லை. எதிரே, காலியான வரிசைகளுக்குப் பின்னால், அந்தப் பெரியவரும் எழுந்திருக்கவில்லை. காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். அதன் அருகில் அவருடைய வலக்கை, கட்டைவிரல் உள்ளே மடங்கி, பால் கறப்பதுபோல மெல்ல மூடித் திறந்தது. மறுபடி மூடித் திறந்தது. அந்தம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மடியில் வைத்திருந்த செருப்பைக் கீழே வைத்துவிட்டு அவரும் கையை மேசைமேல் வைத்தார். ஒரு கை மூடும்போது மற்றது திறந்தது.

என் ஒலிவாங்கி அணைந்திருந்தது.