புர்லானியில் ஆறடி

சவவண்டி பாலத்தைத் தாண்டியதும் இரண்டு ஆட்கள் குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் நடந்துவந்த ஸ்மராண்டா நிமிர்ந்து பார்த்தாள். புர்லானி கிராமமே சாலையை அடைத்துக்கொண்டு நின்றது.

"வழி விடுங்க. உள்ள இருக்கிறது யாருன்னு தெரியுமில்ல?" என்றான் அவள் தம்பி டிராகோஷ். அடுத்த தேர்தலில் அப்பாவின் தொகுதியில் அவன்தான் நிற்கப்போகிறான்.

"தெரியாமலா மறிக்கிறோம்?" என்றாள் மாவுமில் நடத்தும் சாஃப்தா.

பெட்டிக்குள் இருந்தவர் அக்கா தம்பி இருவருடைய அப்பா பெட்ரகே, இந்த ஊர்க்காரர். பாறையைப் படித்து எண்ணெய் இருக்கும் இடம் சொல்லத் தெரிந்தவர்கள் ருமேனியாவில் விரல்விட்டு எண்ணும்படி இருந்த காலத்தில், அவர்களில் ஒருவர். ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அடியில் எண்ணெய் ஓடுகிறதென்று சொன்னவர் அவர்தான். பிறகு இந்த ஊர்க்காரர்கள் போட்ட வாக்கில் நாடாளுமன்றம் போய், அந்தக் கல்லறைத் தோட்டத்தில் துளைபோட அனுமதிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். "செத்தவர்களுக்கு வாக்கு கிடையாதே" என்று அவர் சபையில் சொன்னபோது எல்லாக் கட்சியும் சிரித்தது. ஆனால் சாகும்போது, சொந்த ஊரில் புதைக்கச் சொன்னார்.

"புதுக் கல்லறைத் தோட்டத்துல ஒரு ஆறடி. அவ்வளவுதான் கேக்கிறோம். போலீசுக்கும் ஆள் அனுப்பியாச்சு" என்றான் டிராகோஷ்.

"வரட்டும். எங்கம்மா எலும்பை மண்ணோட மண்ணா அள்ளிக் கொட்டினப்பவும் போலீஸ் பக்கத்துலதான் நின்னுச்சு" என்றாள் சாஃப்தா.

ஸ்மராண்டா முன்னால் வந்தாள். "எங்க பாட்டியும் அங்கதானே இருந்தாங்க? எல்லாரையும் போல அவர் தன்னோட அம்மாவையுந்தானே தோண்டி எடுக்க வேண்டியதாச்சு..."

சாஃப்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்கப்பன் சொல்லலையா? சட்டம் வர்றதுக்கு முந்தின வசந்தத்துல பாதிரியாரைக் கூட்டிட்டு வந்தான். அவளை மட்டும் புதுப் பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போனான். தாய்மேல என்ன பாசம் பாருன்னு நாங்கதான் தோண்டிக் குடுத்தோம்."

புகாரெஸ்டில் பாட்டிக்குப் பளிங்குக் கல்லறை. ஈஸ்டர் தோறும் ஸ்மராண்டா மெழுகுவர்த்தி ஏற்றிய இடம். அவள் வண்டிக்காரனிடம் திரும்பினாள்.

"வண்டியைத் திருப்புங்க."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அப்பாவோட கடைசி ஆசை இது, அக்கா" என்றான் டிராகோஷ்.

"அந்தம்மாவைக் கேட்டா இன்னும் நிறையப் பேரோட கடைசி ஆசையைச் சொல்லுவாங்க. வா."

பாதை குறுகல். திரும்பும்போது பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. கடிவாளம் பிடித்திருந்த ஆட்களே வந்து தோள் கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். வண்டி பாலத்தில் ஏறியதும் அவர்களில் ஒருவன் இரண்டு கைகளையும் கால்சட்டையில் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டான்.