புது நேரம் நாலு மணி

ஜீவராஜின் அம்மாவுக்கு நான் ஆகாதவளாம். என் நட்சத்திரம் ஆயில்யமாம். ஆயில்யப் பெண் மருமகளாக வந்தால் மாமியாருக்குக் கூடாதாம். இதைச் சொன்னது சாத்திரியார்கூட இல்லை, போனில் இருக்கும் ஒரு சாதக அப். எங்கள் இரண்டு வருடக் காதலை அது இரண்டு செக்கனில் முடித்துவைத்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் நேரக் கணக்குத்தான் எங்கள் இருவருக்கும் தொழில். பம்பலப்பிட்டியில் ஒரே அலுவலகம், பக்கத்துப் பக்கத்து மேசை; மெல்பேர்ண் டொக்டர்மாருக்கு நோயாளிகளின் நேரம் குறிக்கிற மென்பொருள் எழுதுகிறோம். மெல்பேர்ணில் ஒக்டோபர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். அன்றைய நாளுக்கு இருபத்து மூன்று மணித்தியாலந்தான். ‘நாளைக்கு இதே நேரம்’ என்பதற்கு மென்பொருள் கண்ணை மூடிக்கொண்டு இருபத்து நாலைக் கூட்டினால், அங்கே நோயாளி டொக்டரிடம் ஒரு மணித்தியாலம் பிந்திப் போய் நிற்பார். வருடத்தில் இரண்டு தரம் இதோடு மல்லுக்கட்டுகிறோம்.

நான் பிறந்தது தொண்ணூற்றாறு ஆகஸ்ட், பின்னேரம் நாலு மணி. அந்த வருடம் மின்சாரம் போதாதென்று இங்கேயும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தார்கள். பிறப்புப் பத்திரத்தில் இருப்பது அந்தப் புது நேரம். அப்பை எழுதிய புண்ணியவானுக்கு அது தெரியாது. ஒரு மணித்தியாலத்தைக் கழிக்காமலே என் தலையெழுத்தை எழுதிவிட்டான்.

சனிக்கிழமை வெள்ளவத்தையில் அவர்கள் வீட்டுக்கு லப்டொப்போடு போனேன்.

“அன்ரி, நாலு மணி புது நேரம். பழைய நேரத்துக்கு மூண்டு. ஆயில்யம் தொடங்கினதே மூண்டு இருவதுக்கு.”

பாக்கியலெட்சுமி அன்ரி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “ஓம் ஓம், பள்ளிக்கூடப் பிள்ளையள் இருட்டோட போன காலமெல்லோ! அப்ப பிள்ளை பூசம். நல்ல நட்சத்திரம்.” முகமெல்லாம் மலர்ந்து தேத்தண்ணி போட எழும்பிப் போனார்.

ஜீவராஜ் மெதுவாகச் சிரித்தான். “அப் விட்ட பிழை எனக்கு அண்டைக்கே விளங்கினது, துஷா.”

“எண்டைக்கு?”

“அம்மா அப்பில போட்ட அண்டைக்கு. அம்மாவோட ஆர் வாய் குடுக்கிறது? நீர் எப்பிடியும் கண்டுபிடிப்பீர்தானே.”

ஒரு மாதம். நான் அலுவலகக் கழிவறையில் அழுதுவிட்டு முகம் கழுவி வந்து உட்கார்வதைப் பக்கத்து மேசையிலிருந்து ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தவன். பெயர் தெரியாத மெல்பேர்ண் நோயாளிக்காக மனேஜரோடு சண்டை பிடிக்கிறவனுக்கு, எனக்காகத் தாயிடம் ஒரு வசனம் சொல்ல வாய் வரவில்லை. அப்பின் மேல் இருந்த கோபம் முழுக்க அவன் மேல் வந்து இறங்கியது. லப்டொப்பை மூடினேன்.

அன்ரி தேத்தண்ணியோடு வந்தார். “தை பிறக்கட்டும் பிள்ளை, நல்ல நாளாப் பாப்பம்.”

“வேண்டாம் அன்ரி. நான் உங்களுக்கு ஆகும். உங்கட மகன்தான் எனக்கு ஆகாது.”