அணு உலைக்குப் போகிற பெண்

தொண்ணூற்றெட்டு மே மாதம் பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த மறுநாள், பிம்ப்ரியில் இருந்த எங்கள் முலாம் பட்டறையில் ஆளுக்கு இரண்டு பேடா கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கே ஒன்றுதான் கொடுக்கிறவர் முதலாளி ஆரோக்கியமணி அண்ணாச்சி. கொடுத்துவிட்டு, குரோம் தொட்டியின் முன்னால் நின்ற என் அப்பா சுவிசேஷமுத்துவின் தோளில் கை போட்டார். "நம்ம சுவிசேஷம் மவளும் இந்த வேலைக்குத்தானடே போறா" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

என் தங்கை அலினா குண்டு செய்யப் போகவில்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு, அரசாங்க அணுமின் நிலையத்தில் பயிற்சிப் பொறியாளராகத் தேர்வாகியிருந்தாள். ஜூலையில் சேர வேண்டும். அதுவும் தண்ணீரைக் கொதிக்கவைக்கிற வேலைதான், அடுப்புதான் வேறு என்று அப்பாவிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு அது இறங்கவில்லை. குண்டு என்றால்தான் வெளியே சொல்லிக்கொள்ள நன்றாயிருந்தது.

தேர்வான சேதி வந்தபோது இதே அண்ணாச்சி முகத்தைச் சுளித்தவர். கம்ப்யூட்டர் படித்தவனெல்லாம் அமெரிக்காவுக்குப் பறக்கிறான், அணுவைப் படித்தவன் ஏதோ காட்டில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் கிடந்து மக்க வேண்டியதுதான் என்றார். குண்டு வெடித்த பிறகு அவருக்கு வேறு கணக்கு தோன்றிவிட்டது. அணுமின் நிலையத்துக்குக் குழாயும் வால்வும் லாரி லாரியாகப் போகும். உள்ளே சொந்தத்தில் ஒரு இன்ஜினியர் இருந்தால் ஆர்டர் தானாக வரும். ஆர்டர் வேலையைப் பார்த்துக்கொள்கிற மகன் தருணுக்கு அலினாவைக் கேட்டு, ஜூன் முதல் வாரம் அவரே அப்பாவிடம் வாய்விட்டுச் சொன்னார். அப்பா அன்று எங்கள் வீடு இருந்த கட்கி வரைக்கும் சைக்கிளில் பாடிக்கொண்டே வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பயிற்சிக்குப் போகிறவளுக்கு ஒரு ஸ்க்ரூ வாங்கக்கூட அதிகாரம் கிடையாது என்று அலினா சிரித்தாள். ஆனாலும் தருண் மேல் அவளுக்கு வெறுப்பொன்றும் இல்லை. சர்ச் பாடகர் குழுவில் கூடப் பாடியவன். வேலையில் சேரத் தடை சொல்லக் கூடாது என்று மட்டும் கேட்டாள். சரி என்று சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகுதான் பெண் பார்க்க வரும்போது புடவை கட்டச் சம்மதித்தாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருடமாக அவருக்கு அந்தத் தொட்டிதான். ஸ்கூட்டர் ஹேண்டில், தண்ணீர்க் குழாய் எல்லாம் அதில் முங்கி எழுந்தால் கண்ணாடி மாதிரி மின்னும். கரண்ட் ஓடும்போது தொட்டியிலிருந்து மஞ்சள் ஆவி கிளம்பும். அதை வெளியே இழுக்கிற ஃபேன் எப்போது நின்றுபோனது என்று எனக்கு நினைவில்லை. நான் பக்கத்தில் பாலிஷ் போடுகிறவன், எனக்கே தொண்டை அரிக்கும். அப்பாவுக்கு மூக்கின் நடுச்சுவரை ஆசிட் தின்றுவிட்டது. புது ஆள் யாராவது வேலைக்கு வந்தால் ஊதுபத்திக் குச்சியை ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கு வழியாக எடுத்துக் காட்டுவார். எல்லாரும் கைதட்டுவார்கள். அண்ணாச்சியும் ஒருமுறை நின்று ரசித்திருக்கிறார்.

பெண் பார்க்க வந்த அன்று வீட்டில் அம்மா மிக்சரும் ஜிலேபியும் வாங்கி வைத்திருந்தாள். அண்ணாச்சியின் மனைவி பவுனம்மா அலினாவை மேலும் கீழும் பார்த்தாள். பார்வை வயிற்றில் வந்து நின்றது.

"தப்பா எடுக்காதீய. அங்க வேல பாக்குற பொம்பளையளுக்குக் கர்ப்பப்பையே வெந்து போவும்னு சொல்லுதாவ. நமக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா இருக்காவ, இப்ப ஒருதரம் காட்டிருவோம். ஒரு வருசம் வேல பாக்கட்டும். பொறவு இன்னொருதரம் காட்டிட்டு, எல்லாம் சரியா இருந்தா கல்யாணத்த வச்சிருவோம்."

வண்டி வாங்குகிறவன்கூட ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லிவிடுவான். இவர்களுக்கு ஒரு வருடம் வேண்டுமாம். அதுவரை ஆர்டருக்கும் வழி பார்த்துக்கொள்ளலாம். தருண் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுக்கென்ன மைனி, காட்டிருவோம்" என்றார் அப்பா.

சொல்லி முடிக்கும்முன் அவருடைய மூக்கிலிருந்து ரத்தம் வடிந்தது. இரண்டு சொட்டு மிக்சர் தட்டின் ஓரத்தில் விழுந்தது. பவுனம்மா ஒரு விரலால் ஜிலேபித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வெயில் சூடு" என்றார் அண்ணாச்சி. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பட்டறையில் யாருக்கு ரத்தம் வந்தாலும் அவருக்கு அது வெயில் சூடுதான்.

அலினா எழுந்து அப்பாவிடம் துண்டைக் கொடுத்தாள். திரும்ப உட்காரவில்லை.

"அங்க சட்டைல ஒரு பட்டை மாட்டுவாங்க அங்கிள். மேல எவ்வளவு கதிர்வீச்சு பட்டிருக்குன்னு அதை வச்சுக் கணக்குப் பாப்பாங்க. அளவு தாண்டிட்டா உள்ள விட மாட்டாங்க. உங்க தொட்டிக்கு மேல என்ன மாட்டியிருக்கீங்க?"

"இயேசு படம் மாட்டியிருக்கு" என்றார் அண்ணாச்சி. கிண்டல் இல்லை. நிஜமாகவே அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

"டாக்டர்ட்ட போறதுன்னா எல்லாருமே போவோம். முதல்ல அப்பா மூக்கைக் காட்டுவோம்."

"ஏட்டி, வாய மூடு." அப்பா துண்டுக்குள்ளிருந்து கத்தினார். பிறகு அண்ணாச்சியிடம் திரும்பி, பிள்ளை படித்த திமிரில் பேசுகிறாள், மனதில் வைக்க வேண்டாம் என்று கும்பிட்டார். கும்பிட்ட கையில் ரத்தம் இருந்தது. அண்ணாச்சி எழுந்துவிட்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது தருண் மட்டும் அவளிடம் வந்து, மம்மியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ டெஸ்ட்டுக்கு மட்டும் ஒத்துக்கொள் என்றான். அவள் தலையிலிருந்த பூவைப் பிய்த்து அந்த மிக்சர் தட்டில் போட்டாள்.

அப்பாவின் வேலை போய்விடும் என்று அம்மா இரண்டு நாள் அழுதாள். போகவில்லை. அந்தத் தொட்டி முன்னால் நிற்க வேறு யார் கிடைப்பார்கள்? வேலையைப் பறிப்பதற்குப் பதிலாக அண்ணாச்சி அப்பாவிடம் வேறொன்று கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சம்பந்தம் என்ன ஆயிற்று என்று யாரோ விசாரித்தார்கள்.

"அவ போற வேலைக்குப் பிள்ள தங்காதாம். பெரிய இடத்தப் போயி ஏமாத்தக் கூடாதுல்லா, நானே வேண்டாம்னுட்டேன்" என்றார் அப்பா.

அண்ணாச்சி பக்கத்திலேயே நின்றார். சுவிசேஷம் நேர்மையான ஆள் என்று அப்பாவின் தோளில் தட்டினார். அப்பா சந்தோஷமாகக் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். அலினா ஐந்தடி தள்ளி நின்றாள். அங்கே நின்ற பெண்கள் எல்லாரும் அவள் வயிற்றைப் பார்த்தார்கள். நல்ல ஜனங்கள். அப்போதுதான் அப்பம் பிட்டு, திராட்சை ரசம் குடித்துவிட்டு வந்தவர்கள்.

அவள் வேலையில் சேரக் கிளம்பிய அன்று அப்பா லீவு கேட்கவில்லை. நான்தான் பெட்டியைச் சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவள் கம்பி வழியாக என்னைக் கூப்பிட்டாள்.

"சேரும்போது மெடிக்கல் இருக்கு அண்ணா. வீட்ல யாருக்கு என்ன சீக்குன்னு கேப்பாங்களாம். அப்பாவுக்கு என்னன்னு சொல்ல?"

"வெயில் சூடுன்னு சொல்லு" என்றேன்.