பசைவாளியின் இறக்கைகள்

பல்செட் செய்கிறவருக்கு அந்தக் கடற்படை விமானத்தில் எல்லாம் கூடி வந்திருந்தது, இறக்கையைத் தவிர.

அது உலகத்தில் எந்தக் கடற்படையிடமும் இல்லாத போர் விமானம். தரையிலிருந்து பறக்கும் ஒரு விமானத்தை யாராவது கப்பலுக்கென்று மாற்றியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து, இரண்டு பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒன்றிலிருந்து உடம்பு. இன்னொன்றிலிருந்து, தொப்பென்று இறங்கினாலும் முறியாத தடித்த சக்கரக் கால்களும், கப்பல் தளத்தில் கட்டியிருக்கும் கம்பியைப் பிடித்து நிறுத்துகிற வால் கொக்கியும். ஆனால் கப்பலில் இறங்க மெதுவாக வர வேண்டும், மெதுவாக வர அகலமான இறக்கை வேண்டும். அதுவும் பாதியில் மடிய வேண்டும், இல்லாவிட்டால் கப்பலின் வயிற்றுக்குள் இடம் கொள்ளாது. இல்லாத விமானத்துக்கு இத்தனை நியாயமா என்று கேட்டால் அவருக்குச் சுர்ரென்று வரும். இருக்கிற விமானத்தை அப்படியே பார்த்துச் செய்துவிடலாம், இல்லாததுக்குத்தானய்யா நியாயம் வேண்டும் என்பார்.

பின் அறையில் உத்தரம் வரை கிட் பெட்டிகள். இந்தப் பைத்தியத்திலிருந்து தெளிந்து விலகிய நண்பர் ஒருவர் மொத்தமாகத் தள்ளிவிட்டுப் போனவையும் அதில் சேர்த்தி. அடியில் கைவிட்டுத் துழாவியபோது, பாதி ஒட்டிய கடற்படை விமானம் ஒன்று அகப்பட்டது. இந்த ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிரிக்காத கிட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பாதி ஒட்டிக் கைவிட்டதைக் கண்டால் ரம்பத்தை எடுப்பார்கள். பாதியில் நின்றது என்றால் உதிரிப் பாகம். அதற்கு உடையவர் என்று யாரும் கிடையாது.

இதை ஒட்டியவரின் கைவண்ணத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வழிந்த பசை அப்படியே காய்ந்து கிடந்தது. விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடி மூடியில் ஒரு பெருவிரல் ரேகை அச்சடித்தாற்போல் இருந்தது. இடைவெளிகளில் புட்டி என்கிற அடைப்பு மாவை அப்பி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துப் பள்ளமே ஆக்கியிருந்தார்கள். இறக்கைகள் மட்டும் தப்பியிருந்தன. அறுத்தெடுத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? படம் எடுத்து, மாடல் செய்பவர்களின் குழுவில் போட்டார். இதை ஒட்டிய மகராசன் விமானத்தைப் பசையிலேயே குளிப்பாட்டியிருக்கிறான், இவனுக்கு இன்றுமுதல் பசைவாளி என்று பெயர் என்று எழுதினார். குழு விழுந்து விழுந்து சிரித்தது. பசைவாளிக்குக் கைக்குப் பதில் கரண்டி இருந்திருக்கும் என்றார் ஒருவர். பாவம், பசையை விலைகுறைவாக வாங்கியிருப்பான் என்றார் இன்னொருவர்.

சாப்பிடும்போது ஒவ்வொன்றையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினார். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நடுச்சாலையில் வண்டியை அணைத்துவிட்டு விழிப்பவர்கள் பக்கத்தில் முகம் மாறாமல் உட்கார்ந்திருப்பதுதான் அவள் பிழைப்பு. அவளும் சிரித்தாள்.

"அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றாள்.

"மோசமா? கண்ணைக் கட்டிக்கிட்டு ஒட்டினாக்கூட இதைவிட நல்லா வரும்."

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் இறக்கையில் மடிப்புக் கோட்டை வெட்டப் போய்விட்டார்.

மாடல் கண்காட்சி நாளில் அந்த விமானத்தைச் சுற்றித்தான் கூட்டம். இறக்கைகள் மேல்நோக்கி மடிந்து, கொக்கி தொங்க, இப்போதுதான் கப்பலிலிருந்து வந்தது போல நின்றது. நிஜமாகவே இப்படி ஒன்று இருந்ததா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இதைவிட வேறென்ன வேண்டும்? மனுஷர் தரையில் நிற்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் பசைவாளி கதையைச் சொன்னார், பெருவிரலை உயர்த்திக் காட்டி நடித்தே சொன்னார். மனைவி பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள்.

அப்போதுதான் கிட் கடைக்காரர் வந்தார். விமானத்தை ஒரு பார்வை பார்த்தவர், நேராக அவளிடம் திரும்பினார்.

"என்ன தங்கச்சி, உன் விமானம் எந்த மேசையில? கல்யாண நாளுக்கு அவருக்குத் தெரியாம செய்றேன்னு சொல்லி, புட்டி எப்படிப் பூசணும்னு என் உயிரை வாங்கினியே."

அவள் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "இன்னும் முடியலண்ணே. கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு," என்றாள்.

பல்செட்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. உயர்த்திய பெருவிரல் அந்தரத்தில் நின்றது. இன்னும் வராத கல்யாண நாள், அடுக்கின் அடியில் கிடந்த பெட்டி, அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு, எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. சுற்றி நின்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கொடுத்த சிரிப்புதானே.

கடைக்காரர் நகர்ந்ததும் அவளை ஓரமாக அழைத்துப்போனார். நான் எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன், அது என் மனைவி செய்தது, தப்பு என்னுடையது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று குழறினார்.

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "வேண்டாங்க. இப்ப யாரோ ஒருத்தனைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. நீங்க சொன்னா என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. உங்க மனசு லேசாகணும்னு என்னை அங்க நிக்க வைக்காதீங்க."

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்பதில்கூடத் தன்னைத்தான் முன்னால் நிறுத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு பரிசு என்று ஏதோ கொடுத்தார்கள். இறக்கையைப் பற்றிச் சொல்லுங்கள் சார் என்று கேட்டார்கள். நல்ல இறக்கை, என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கமான மனுஷன் என்று யாரோ பின்னால் மெச்சியது காதில் விழுந்து, இன்னும் கூசியது.

வீடு திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். விமானப் பெட்டி அவர் மடியில். இரண்டாவது சிக்னலும் கடந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றார் கடைசியில். சொன்னதும் அதுவும் அவள்மேல் பழி போடுவதுபோல் பட்டது.

"கேட்டிருந்தா நீங்களே செஞ்சு முடிச்சிருப்பீங்க," என்றாள் சாலையைப் பார்த்தபடி. "பெட்டிக்கு நடுவுல பெட்டியை வச்சா எவன் கண்டுபிடிப்பான்னு நினைச்சேன். காலையில நீங்க கிளம்பினதும் எடுத்து உக்காருவேன். மோசமாத்தான் வருதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனாலும் அதுல உக்காந்திருந்தா, நீங்க ஏன் கூப்பிட்டாக்கூடக் காதுல வாங்காம அங்கேயே கெடக்குறீங்கன்னு கொஞ்சம் புரிஞ்சது."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு ஏன் நீயும் சிரிச்சே?"

"வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

என்ன செய்தால் தேவலை என்று கேட்டார். குழுவிலிருந்து அந்தப் படத்தையாவது எடுங்கள் என்றாள். போனைத் திறந்து எடுத்தார். ஆனால் அவர் எழுதியதைத்தான் அவரால் அழிக்க முடிந்தது. மற்றவர்கள் சிரித்ததெல்லாம் வரிசையாக அப்படியே நின்றது. அடுத்த நிமிஷமே ஒரு செய்தி வந்து விழுந்தது. அவர் சட்டென்று போனைக் கவிழ்த்தார்.

"என்ன எழுதியிருக்காங்க? படிங்க. அன்னைக்கு எல்லாத்தையும் படிச்சீங்களே."

"'ஏன் சார் எடுத்துட்டீங்க,'" என்று படித்தார். அடுத்த வரிக்கு முன் அவளை ஒரு தரம் பார்த்தார். "'பசைவாளி கோவிச்சுக்கிட்டானா?'"

வண்டி ஒரு வளைவில் திரும்பியது. பெட்டிக்குள் விமானம் சரியாமல் அவர் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"ஆமான்னு போடுங்க," என்றாள் அவள்.

அவர் போட்டார்.