எச்சரிக்கையோடு கூடிய நம்பிக்கை

1

கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் முதல் தமிழ்க் கதை இது. இதற்கு முன் ஒன்றுகூட இல்லை. எழுதுகிற தங்கப்பாண்டி தேடிப் பார்த்துவிட்டான். (தேடியது கல்லூரி நூலகத்தில், இரண்டு அலமாரிகள். மூன்றாவது பூட்டியிருந்தது.)

கதை பிறந்த இடத்தை ஒளிப்பானேன். மதுரையில் அவன் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும் கல்லூரிக்கு, ஓய்வுபெற்ற தூதர் ஒருவர் வந்தார். இலங்கையின் பொருளாதாரச் சீர்திருத்தம், ஆட்சிமுறை பற்றிப் பேசினார். வரி, மானியம், கடன், ஊழல் ஒழிப்பு எல்லாம் வந்துபோயின. கடைசியில் தங்கப்பாண்டியின் வகுப்புத் தோழன் நிரோஷன் எழுந்தான்.

“அங்க நிலைமை சரியாயிருமா சார்?”

“எச்சரிக்கையோடு கூடிய நம்பிக்கை கொண்டிருக்கிறோம்,” என்றார் தூதர். “முடிவு அந்நாட்டு மக்களின் கையில். நிலைமையைத் தொடர்ந்து கவனித்து வருகிறோம்.”

கைதட்டினார்கள். பிறகு பக்கோடா வந்தது. அது மட்டும் சுற்றி வளைக்காமல் வந்தது.

2

இரண்டு தொடக்கங்கள் எழுதி அடித்தாயிற்று.

‘கொழும்பில் பெட்ரோலுக்கு நின்ற நீண்ட வரிசையில்...’ (மதுரைப் பக்கத்து எழுமலைக்காரனான தங்கப்பாண்டி போன அதிகபட்சத் தூரம் கன்னியாகுமரி.)

‘நிரோஷனின் கண்களில் தாய்நாட்டு ஏக்கம்...’ (நிரோஷன் பிறந்தது திருவாதவூர் அகதிகள் முகாமில். அந்த நாட்டை அவன் பார்த்ததே இல்லை. கண்ணில் இருப்பது விடியற்காலை பஸ் பிடிக்கிற தூக்கம்.)

ஆகவே கதை கல்லூரி வாசல் டீக்கடையில் தொடங்குகிறது.

“வடை வேணுமாப்பா?” என்றார் கடைக்காரர் சோணை.

“வடை விசயத்துல எச்சரிக்கையோடு கூடிய நம்பிக்கை கொண்டிருக்கோம்ணே,” என்றான் தங்கப்பாண்டி, தூதரின் குரலில்.

“வேணுமா, வேணாமா?”

“முடிவு வடையின் கையில்.”

சோணை தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பக்கத்தில் நின்ற நிரோஷனுக்குச் சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது.

“ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கிறாய்ங்க மாப்ள,” என்றான் தங்கப்பாண்டி. “ஆமா, இல்ல. ரெண்டுல ஒண்ணு. சொன்னா நாக்கு வெந்துருமா?”

3

(இந்தப் பகுதியில் ஒரு நகைச்சுவை வைக்க இடம் தேடினான். கிடைக்கவில்லை.)

அடுத்த வாரம் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் நிரோஷன் சொன்னான். கப்பலூர்க் கம்பெனிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் அவன் அப்பா இலங்கைக்கே திரும்பிவிட நினைக்கிறார். மன்னார்ப் பக்கம் குடும்பத்துக் காணி கிடக்கிறது. அம்மாவுக்குப் பயம். தங்கை பவதாரிணி பன்னிரண்டாம் வகுப்பு. ‘படிச்சவன் நீ சொல்லு, நாங்க கேக்கிறம்’ என்று அவன் தலையில் வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

“போனா திரும்ப வர வழியில்ல. இருந்தா, எம்புட்டு வருசமானாலும் அகதிதான். நீ அந்த நாட்டப் பத்தி அம்புட்டும் படிக்கிறவன். போகலாமா, வேணாமா?”

தங்கப்பாண்டி உண்மையிலேயே படித்திருந்தான். பெட்ரோல் வரிசை குறைந்தது தெரியும், கரண்ட் கட்டணம் ஏறியது தெரியும். மன்னாரில் ஒரு பெயிண்டருக்கு வேலை கிடைக்குமா என்பது எந்த அறிக்கையிலும் இல்லை. போ என்று சொல்லி, பவதாரிணியின் படிப்பு அங்கே நின்றுபோனால்? போகாதே என்று சொல்லி, நிரோஷனுக்கு முகாமிலேயே தலை நரைத்தால்?

“முன்னேற்றம் இருக்குடா,” என்றான். “சவாலும் இருக்கு. கடைசில உங்க குடும்பந்தான் முடிவெடுக்கணும்.”

நிரோஷன் சிரித்தான். கேலி முடியட்டும், பிறகு பதில் வரும் என்று காத்திருந்தான். தங்கப்பாண்டி பேசியது தன் சொந்தக் குரலில் என்பது அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

திருவாதவூர் பஸ் வந்தது.

“சரி மாப்ள, வாரேன்.”

4

முடிவு அ: போகிறார்கள். காணியில் கிணறு தூர்ந்துபோகவில்லை. பவதாரிணியும்...

முடிவு ஆ: இருக்கிறார்கள். பட்டம் வாங்கிய நிரோஷன், கப்பலூரில் அப்பாவுக்கு ஏணி பிடித்தபடி...

இரண்டையும் அடித்துவிட்டான். ஞாயிறு போயிற்று. திங்கள் முதல் நிரோஷன் வகுப்புக்கு வரவில்லை. போன் போட்டுக் கேட்கலாம். போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறான்.

அன்பான வாசகர்களே, முடிவு உங்கள் கையில் இருக்கிறது. தங்கப்பாண்டி நிலைமையைத் தொடர்ந்து கவனித்து வருகிறான்.