பொருந்தாத முனை

அந்த மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, ஓசூர்ப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில் பதினான்கு வென்டிலேட்டர்கள் வந்து இறங்கின. லாரிக்கு முன்னால் நின்று யார் யாரோ போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மாட்டுகிற வேலை மெஹக்கின் தலையில் விழுந்தது. மருத்துவக் கருவிகளைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் எடுத்திருந்த இன்ஜினியர் அவள்.

முதல் பெட்டியைப் பிரித்ததுமே கோளாறு தெரிந்தது. ஆக்சிஜன் குழாயின் முனை, சுவரிலிருந்த துளைக்குள் போகவில்லை. பதினான்கும் அப்படித்தான். ஆர்டர் போட்டவர்களில் ஒருவர்கூட இங்கே என்ன மாதிரித் துளை என்று போன் செய்து கேட்கவில்லை.

கண்காணிப்பாளரிடம் ஓடினாள். "சார், நடுவுல ஒரு பித்தளைத் துண்டு கடைஞ்சு போட்டா போதும். சிப்காட் பட்டறையில ரெண்டு மணி நேர வேலை."

"நீ கை வெச்சா வாரண்டி போயிரும்மா. கம்பெனி ஆளுதான் மாட்டணும்னு ஆர்டர்ல போட்டிருக்குது. லெட்டர் அனுப்பியிருக்கேன்."

"எப்ப சார் வருவாங்க?"

"லாக்டவுனு. லேட்டாத்தான் ஆவும்."

மயிரிழை பிசகாமல் வண்டி பாகங்களைக் கடைந்து நாடு நாடாக அனுப்புகிற ஊர் அது. அந்த ஊரில் ஒரு பித்தளைத் துண்டுக்காக ஆறு நாள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆறாம் நாள் காலையில், கொரோனா வார்டில் இருந்த சிவராஜ் இறந்துபோனார். உத்தனப்பள்ளியில் தக்காளி போடுகிறவர், நாற்பத்தொரு வயது. வென்டிலேட்டர் வேண்டுமென்று டாக்டர் முந்தின நாளே எழுதிவிட்டார். மருத்துவமனையில் ஏற்கெனவே இருந்த பழைய நான்கு வென்டிலேட்டர்களிலும் ஆட்கள் இருந்தார்கள்.

வராந்தாவில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாத புது மெஷின்கள் வரிசையாக நின்றன. சிவராஜின் மனைவி ராஜாத்தி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இத்தினி மிஷினு சும்மா நிக்குதே. இதுல ஒண்ண எங்கூட்டுக்காரருக்கு மாட்டியிருக்கக் கூடாதா?"

வாரண்டி போய்விடும் என்று இந்தப் பெண்ணிடம் சொல்ல முடியுமா? மெஹக் விறுவிறுவென்று உள்ளே போனாள். பழைய குழாயின் முனை ஒன்று, புதியது ஒன்று, இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

சிப்காட்டில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லேத் ஓட்டிக்கொண்டிருந்த வெங்கட், இரண்டையும் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இவ்ளோதானா? இதுக்கா ஒரு வாரம் நிறுத்தி வெச்சிருந்தாங்க?"

"எண்ணெய்ப் பிசுக்கு துளி இருக்கக் கூடாதுண்ணா. ஆக்சிஜன் போற வழி."

மத்தியானத்துக்குள் பதினான்கு துண்டுகளும் தயார். டூட்டி டாக்டர் பக்கத்தில் நின்று பார்க்க, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்து, ஒவ்வொன்றாக மாட்டினாள். பதினொன்று ஓடின. மூன்று எதற்கும் அசையவில்லை, உள்ளேயே கோளாறு. அன்று சாயங்காலத்துக்குள் நாலு பேருக்கு மெஷின் கிடைத்தது. மறுநாள் அவளுக்கு மெமோ கிடைத்தது: அனுமதியில்லாமல் அரசு உடைமையில் கைவைத்ததற்கு விளக்கம் தரவும்.

அடுத்த வாரம்தான் கம்பெனி ஆள் ஹரீஷ்குமார் வந்தான். மெஷின் பக்கம் போகவேயில்லை. நேராக அவள் மேசைக்கு வந்து ஒரு படிவத்தை நீட்டினான். கம்பெனியே பதினான்கையும் மூன்றாம் நாள் பொருத்தியதாகவும், எல்லாம் நன்றாக ஓடுவதாகவும் அதில் அச்சடித்திருந்தது.

"ஒரு சைன் போடுங்க மேடம். மெமோ இல்லாம போயிரும். உங்க கண்காணிப்பாளர் சாரே சொல்லிட்டாரு."

"மூணாம் நாள் வந்தீங்களா? நீங்க மூணாம் நாள் வந்திருந்தா ஒரு ஆளு உசுரோட இருந்திருப்பாரு!"

வார்டு பக்கமிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் பேனாவை எடுத்துப் படிவத்தின் குறுக்கே எழுதினாள்: 'ஒன்றும் பொருந்தவில்லை. மூன்றாம் நாள் கம்பெனி ஆள் வரவில்லை. மூன்று இன்னும் ஓடவில்லை. காத்திருந்த சிவராஜ் இறந்துவிட்டார்.' கீழே கையெழுத்தும் தேதியும் போட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கொடுத்தாள்.

ஜூன் முடிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவள் இடத்துக்கு வந்தவர் புதுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதாகக் கேள்விப்பட்டாள்.

படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு உத்தனப்பள்ளிக்குப் போனாள். ராஜாத்தி எழுத்துக் கூட்டி, கணவர் பெயர் வரும்வரை படித்தாள்.

"இத யார்கிட்டக் குடுக்கணும்?"

"கலெக்டர் ஆபீஸ்லக்கா. எங்க வேணாலும் வந்து சாட்சி சொல்றேன்."

திங்கட்கிழமை இருவரும் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினார்கள். கலெக்டர் ஆபீஸில், மனுப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார் குமாஸ்தா. ராஜாத்தி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பொட்டியில போட மாட்டேன். வாங்கிக்கிட்டேன்னு சீல் குத்திக் கையில குடு. இல்லாட்டி நான் நவுர மாட்டேன்."

இரண்டு மணி நேரம் நின்ற பிறகு, அவர் சீலைக் குத்தினார்.